சம்பந்திக்கு ஒரு மூலை

எங்கள் வீட்டு முயலுக்குப் பெயர் சம்பந்தி. வைத்தது நான்தான். மருமகள் அதைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். பெண் வீட்டிலிருந்து வந்தவர். வந்த நாளிலிருந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்து எதையாவது மென்றுகொண்டே இருக்கிறார். என்ன செய்தாலும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்க முடியாது. இவரை வேறு என்னவென்று கூப்பிடுவதாம்?

கல்யாணமாகி வந்த அன்று மருமகள் கொண்டுவந்தது இரண்டு பெட்டியும் ஒரு கூண்டும். பெட்டிகளைத் தன் அறைக்கு எடுத்துப் போனாள். கூண்டைக் கூடத்தில் வைத்துத் திறந்தாள். சாம்பல் நிறத்தில், ஒரு காது மட்டும் மடங்கிக் கிடக்க, சம்பந்தி வெளியே வந்தார். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நேராக எங்கள் படுக்கையறைக்குப் போனார், கட்டிலில் தாவி ஏறினார், நான் படுக்கும் பக்கமாகப் பார்த்து நின்று நிதானமாக மூத்திரம் பெய்தார். என் வீட்டுக்காரர் படுக்கும் பக்கமும் காலியாகத்தான் இருந்தது. அங்கே சம்பந்திக்கு மனசு வரவில்லை.

"ஐயோ அத்தை, மன்னிச்சிடுங்க! எங்க வீட்ல ட்ரேயிலதான் போகும், சத்தியமா. ஒரு நாள்கூட வெளிய போனதில்ல" என்று மருமகள் பதறிக்கொண்டு துணி தேடி ஓடினாள்.

"பரவால்லம்மா, புது இடம் இல்லையா" என்றேன். சொன்னது வாய்தான். என் மூக்கு அப்படிச் சொல்லவில்லை.

என் மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஓர் அறைக்குள் நுழைந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், தங்கியிருந்தவர் ஜன்னலைத் திறந்துவைத்து சிகரெட் பிடித்தாரா மூடிவைத்துப் பிடித்தாரா என்று சொல்லிவிடுவேன். வேலை செய்கிற பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'மூக்கு' என்பார்கள். 'மூக்கு லிஃப்ட்ல ஏறிடுச்சு' என்று மாடிக்கு மாடி தகவல் பறக்கும். எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். என் வீட்டுக்கும் அதே சட்டம். சமைத்த வாசனைகூட சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் முயல் மூத்திரம்!

மருமகள் பால்கனிக் கதவுக்குப் பக்கத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் ட்ரே வைத்தாள். அதில் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். சம்பந்தியைத் தூக்கி அதில் உட்காரவைத்து, "இதான்டா உன் இடம்" என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் இறங்கி வந்து சோபாவுக்கு அடியில் போனார். இன்னொரு நாள் செருப்பு வைக்கும் இடத்தில். அடுத்தது மேசைக்குக் கீழே. வழியெல்லாம் கடலையைக் கொட்டினது போல் உருண்டை உருண்டையாகப் புழுக்கை. கொஞ்சம் கண் அசந்தால் மறுபடியும் என் கட்டில், மறுபடியும் என் பக்கம். அந்த அறைக் கதவை மூடிவைத்தால் அடைசல் வாடை வரும் என்று நான்தான் மூட விடுவதில்லை.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை. என் மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறவன். எதையும் உற்றுப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். அவன் தரையில் குப்புறப் படுத்து முயலையே பார்த்துக்கொண்டிருந்தான். முயலும் அவனைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே போனது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை வீட்டில்தான் இருப்பார். அவரிடம் யோசனை கேட்டேன். "ம்" என்றார். அவர் பேசுவது அவ்வளவுதான். கல்லுளிமங்கன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் மருமகளை ரொம்பப் பிடிக்கும். வந்த புதிதில் ஒரு நாள், 'இந்தத் தலையணை என்னை முறைச்சுப் பாக்குது, வேற குடுங்க' என்று புகார் சொன்ன ஒரு விருந்தாளியைச் சாப்பாட்டு மேசையில் நடித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் "ம்" என்றார். மகன் தட்டைப் பார்த்தான். இவள் சிரித்தாள் பாருங்கள், டீ மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து சுவரிடம் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவள் என் கட்சி.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் பெட்டி இரண்டையும் இன்னும் காலி செய்யவில்லை. வேண்டியதை எடுப்பாள், மூடுவாள். பல் தேய்க்கும் பிரஷைக் குளியலறையில் வைக்க மாட்டாள், சின்ன டப்பாவில் போட்டு அறைக்கே கொண்டுபோய்விடுவாள். குளித்துவிட்டு வந்தால் தரையில் ஒரு முடி கிடக்காது. டீ குடித்த கப்பைச் சூடு ஆறுவதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள், அதனால் அந்தச் சுத்தம் என்று முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். எனக்கு அப்படிப் படவில்லை. என் வேலையில் எத்தனை அறை பார்த்திருக்கிறேன்! பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பவர் யார்? சீக்கிரம் கிளம்பப் போகிறவர்.

நானும் அவளை விருந்தாளியாகத்தான் நடத்தினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மகனை 'டேய்' என்பேன், வீட்டுக்காரரை நேரத்துக்குத் தகுந்த மாதிரி கூப்பிடுவேன். இவளிடம் மட்டும் "வாம்மா, உக்காரும்மா, இருக்கட்டும்மா." ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் பெண் தோற்றுப்போவாள்.

அப்புறம்தான் அந்தக் கோட்டு விவகாரம் வந்தது.

ஹோட்டலில் மேலிடத்திலிருந்து ஆட்கள் சோதனைக்கு வருகிற நாள். சீருடைக் கோட்டை இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவசரத்தில் மாட்டிக்கொண்டு ஓடினேன். ஹோட்டலில் நுழைந்ததும் மூக்கில் ஏறியது ஒரு நெடி. "மூணாவது மாடியில ஏதோ குழாய் ஒழுகுது, பாருங்க!" என்று பெண்களை விரட்டினேன். மூன்றாவது மாடியில் ஒன்றுமில்லை. நான்காவது மாடிக்குப் போனேன், அங்கேயும் நாற்றம். சாப்பாட்டுக் கூடத்திலும் நாற்றம். எங்கே போனாலும் எனக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறது! மேலிடத்து ஆட்கள் ஒரு பக்கம் வர, நான் இன்னொரு பக்கம் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு முகர்ந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஒரு பெண் பயந்து பயந்து கிட்டே வந்து, "மேடம், கோச்சுக்காதீங்க... அது உங்க கோட்டுலேர்ந்துதான் வருது" என்றாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது பிளக்கவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். கோட்டைக் கழற்றிக் கூடத்தின் நடுவில் வீசினேன். "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்! ரெண்டுல ஒண்ணை இன்னிக்கே முடிவு பண்ணுங்க!" என்று கத்தினேன். கூரை அதிர்ந்திருக்கும். என் வீட்டுக்காரர் அப்போது பார்த்து அதிசயமாக வாயைத் திறந்தார். "கோட்டை ஏன் கட்டில்ல போட்டே?" என்றார். அவருக்குத் தனியாகக் கிடைத்தது. மருமகள் வந்து குனிந்தாள். கோட்டை எடுத்துப் போய் ஊறவைத்தாள், தரையைத் துடைத்தாள், முயலைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போனாள். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மறுநாள் காலை மகன் சமையலறைக்கு வந்து நின்றான். இப்படி வந்து நின்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அம்மா, நேத்து ராத்திரி போன்லயே விசாரிச்சு நாங்க ஒரு வாடகை வீடு பாத்திருக்கோம். முயல் இருந்தா பரவால்லன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை பதில் சொல்றதா சொல்லியிருக்கோம்."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "அவ அழுதாளாடா?"

"அழுதிருந்தா பரவால்லம்மா. 'நம்மளால அத்தைக்கு எவ்ளோ கஷ்டம்'னு சொல்லிக்கிட்டே பெட்டியைத் தொடச்சுக்கிட்டு இருந்தா."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. நான் மூட்டையையே அவிழ்த்துவிட்டிருக்கிறேன். அவள் கோபித்துக்கொண்டு போனால் சண்டை போட்டுச் சரி செய்துவிடுவேன், சண்டை எனக்குக் கைவந்த கலை. இவள் மரியாதையாகப் போகிறாள். மரியாதையோடு எப்படிச் சண்டை போடுவது? போய் 'தெரியாமல் சொல்லிட்டேன்மா' என்று சொல்லலாம்தான். நாக்கு எழவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றே பழகிவிட்டேன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். அவள் போவது முயலால். முயல் ட்ரேயில் போக ஆரம்பித்துவிட்டால் அவள் போவதற்குக் காரணமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்பந்தியைத் திருத்தியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. "சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். எல்லாரும் வர்றோம்" என்றேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு வந்ததும் வேனில் ஏறினோம். முன் இருக்கையில் நான், அடுத்ததில் மகனும் மருமகளும், அவள் மடியில் கூண்டு, கடைசி இருக்கையில் தனி ஆளாக அந்த ட்ரே. டாக்டர் அதையும் பார்க்கட்டும் என்று நான்தான் கொண்டுவரச் சொன்னேன். நாம் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

கால்நடை டாக்டர் ஓர் அம்மாள். எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் முயலைப் பார்த்து, "வாங்க, வாங்க, எப்படி இருக்கீங்க?" என்றார். சம்பந்திக்கு எங்கே போனாலும் மரியாதைதான். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், மடங்கிய காதை நிமிர்த்திப் பார்த்தார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்ல. கருத்தடை ஆபரேஷனும் முன்னாடியே பண்ணியிருக்கீங்க. அந்த ட்ரேயைக் குடுங்க, பாப்போம்."

ட்ரேயை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அடுத்தடுத்துத் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க இது? ஆஸ்பத்திரியா, கார் கடையா? இதை யாரு கழுவறீங்க?" என்றார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! "நான்தான் டாக்டர்" என்று நிமிர்ந்தேன். "தினமும் விடிகாலையில, வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, வெந்நீர் ஊத்தி, புதுக் காகிதம் போட்டு வச்சிட்டுத்தான் போவேன்."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்களா? நான்ல கழுவறேன்! நீங்க போனதும், கிளினிக்ல சாமான் கழுவற மருந்து கொஞ்சம் கொண்டு வந்து வச்சிருக்கேன், அதுல ஊறப்போட்டு..."

"நீ ஏம்மா கழுவறே? அதான் நான் கழுவியிருக்கேனே!"

"எனக்கு எப்படித் தெரியும்? ட்ரே சுத்தமா இருக்கும். குட்டி இதுல போகவே இல்ல போலன்னு நெனச்சுக்குவேன். இருந்தாலும் உங்களுக்கு நாத்தம் தெரிஞ்சுடக் கூடாதேன்னு..."

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் வீட்டில் ரேடியோ நின்றுவிடும், அவ்வளவு அபூர்வம்.

"மத்தியானம் நான் கழுவறேன்" என்றார். "வேனுக்குப் போடற ஷாம்பு."

"நீங்களா? நீங்க எதுக்கு?"

"நீ வந்து கத்துவே. அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிப்போகும். எனக்கு ரெண்டும் பிடிக்கல." இது அவருடைய ஒரு வருஷத்துப் பேச்சு.

நாங்கள் மூன்று பேரும் மகனைப் பார்த்தோம். அவன் கூரையைப் பார்த்தான். "சாயங்காலம் அம்மா வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை... ரொம்ப இல்ல... கண்ணாடி தொடைக்கற தண்ணி இருக்குல்ல, அதை அடிச்சு ஒரு தொட தொடச்சு வைப்பேன். பளபளன்னு இருக்கும்" என்றான்.

டாக்டரம்மாள் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "பாவங்க இந்த ஜீவன்! முயலுக்குக் கக்கூஸ்னா என்ன தெரியுமா? தன் வாசனை இருக்கற இடம். அது வந்து பாக்கும், ஒரு நேரம் பிளீச்சிங், ஒரு நேரம் ஷாம்பு. 'இது யாரோடதோ, நம்முது இல்ல'ன்னு போயிடும். அப்படியும் அது எத்தனையோ தடவை இதுல போயிருக்கும். நீங்க நாலு பேரும் சேந்து தடயமே இல்லாம அழிச்சிருக்கீங்க."

"அப்ப என் கட்டில் டாக்டர்? என் பக்கம் மட்டும்?" விட்டுவிடுவேனா நான்?

"வீட்ல பெரிய ஆள் யாருன்னு அது வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சிடுச்சு. உங்க வாசனை மேல தன் வாசனையைக் கலந்து வைக்குது. 'நானும் இந்த வீட்டு ஆளுதான், சேத்துக்கோங்க'ன்னு மனு குடுக்குதுங்க."

மருமகள் சட்டென்று முயலின் மேல் குனிந்து அதன் காதைத் தடவ ஆரம்பித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தேன்.

டாக்டர் சொன்ன வைத்தியம் இதுதான். கட்டில் அறைக் கதவை மூட வேண்டும். வெளியே போட்ட புழுக்கையைப் பொறுக்கி ட்ரேயிலேயே போட வேண்டும். மூத்திரம் துடைத்த காகிதத்தையும் அதிலேயே வைக்க வேண்டும். பக்கத்தில் காய்ந்த புல் வைக்க வேண்டும், முயல் தின்றுகொண்டே போகிற ஜாதி. மாற்றும்போது நனைந்த காகிதத்தில் ஒரு பிடியாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஒரு சொட்டு மருந்தும் கூடாது. "முக்கியமா நீங்க" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "கை வைக்கக் கூடாது."

திரும்பி வரும்போது வேனே குலுங்கியது. "கண்ணாடித் தண்ணி!" என்று மருமகள் மகனைக் குத்துவாள், சிரிப்பாள், அடங்குவாள், "வேன் ஷாம்பு மாமா!" என்று மறுபடி ஆரம்பிப்பாள். வண்டி ஓட்டுகிறவரின் தோள்கூடக் குலுங்கியதைப் பார்த்தேன். நானும் சிரித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் எழுந்து வழக்கம்போலக் கூடத்துக்கு வந்தேன். ட்ரேயிலிருந்து வந்த நெடி வாசலிலேயே வரவேற்றது. அம்மாடி! என் கை தானாகவே பிரஷைத் தேடியது. சும்மா ஓரத்தை மட்டும், டாக்டருக்குத் தெரியவா போகிறது என்று கிட்டே போனால், எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வாளியும் கையுமாகக் குனிந்துகொண்டிருக்கிறார்!

"ரெண்டு பேரும் கையை மேல தூக்குங்க!"

மருமகள். அறை வாசலில், தலை கலைந்து, தூக்கக் கண்ணோடு நின்றிருந்தாள். நாங்கள் இருவரும் நிஜமாகவே கையைத் தூக்கிவிட்டோம், வாளி ஒரு கையில், பிரஷ் ஒரு கையில். சத்தம் கேட்டு மகனும் வந்தான். அந்த நேரம் பார்த்து சம்பந்தி சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். ட்ரேயைப் பார்த்தார். கிட்டே போய் மூக்கைத் துடிதுடிக்கவிட்டு முகர்ந்தார், ஒரு முறை இல்லை, நன்றாக, ஓரம் ஓரமாக. பிறகு ஏறி உட்கார்ந்தார். புல்லை ஒரு வாய் இழுத்து மென்றுகொண்டே, வாலைக் கொஞ்சம் உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, தன் காரியத்தை முடித்தார்.

நான்கு பேரும் மூச்சுவிடவில்லை. "போயிட்டான்" என்று மகன் கிசுகிசுத்தான். மருமகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குதித்தாள், பிரஷ் பறந்து போய் விழுந்தது. அடுத்த நிமிஷமே, "சாரி அத்தை" என்று கையை விட்டுவிட்டுக் குனிந்து பிரஷைப் பொறுக்கினாள். ஈரம் பட்ட தரையைத் துடைத்தாள். கலைந்த தலையைச் சரி செய்துகொண்டு அறைக்குப் போனாள். முயல் திருந்திவிட்டது. ஆனால் அவள் பெட்டி இரண்டும் இன்னும் காலியாகவில்லை.

அன்றைக்கு ஹோட்டலில், மாதக் கணக்கில் தங்கியிருக்கும் ஒருவரின் அறைக்குள் போனேன். காலுறை விளக்கின் மேல் தொங்குகிறது, ஈரத் துண்டு நாற்காலியில், சீப்பு ஜன்னலில், பாதி தின்ற பிஸ்கட் தலையணையில். "மேடம், இவரு எப்பதான் காலி பண்ணுவாரு?" என்று அந்த மாடிப் பெண் சலித்துக்கொண்டாள்.

"இவரா? இவரு இப்போதைக்குப் போக மாட்டாரு" என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். கையில் அவருடைய சீப்பு. எடுத்த இடத்திலேயே வைத்தேன். என் வீட்டில் மருமகள் சீப்பை மேசையில் வைத்தால் அவள் திரும்புவதற்குள் நான் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். அவள் கப்பைக் கீழே வைத்தால் என் கை நீண்டுவிடும். பாவிப் பெண்ணே, ட்ரேயை மட்டுமா கழுவினாய் நீ என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குளியலறை அலமாரியைத் திறந்தேன். என் சாமான்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல் வரிசையில் நிற்கும். பாதியை அள்ளி ஒரு பையில் போட்டேன். மருமகளைக் கூப்பிட்டேன்.

"இந்த அலமாரித் தட்டு இனிமே உன்னுது. பிரஷை அந்த டப்பாவுல போட்டு மூடி மூடி எடுத்துக்கிட்டுப் போகாதே. இங்கயே வை. முடி விழுந்தா விழட்டும்."

அவள் விழித்தாள். "இருக்கட்டும் அத்தை, எதுக்கு உங்களுக்கு..."

"எனக்குத்தான் வேணும்!" குரல் உயர்ந்துவிட்டது. இறக்கினேன். "அன்னிக்கு அது இருக்கணும் இல்ல நான் இருக்கணும்னு கத்தினேன் பாரு, அது கோட்டு நாறின கோவம். நீ போகாதே. நீ போயிட்டா எனக்குப் பேச ஆளில்ல. அந்த மனுஷன் 'ம்'முன்னுதான் சொல்லுவாரு, உன் புருஷன் தட்டைத்தான் பாப்பான். இந்த வீட்ல என் ஜோக்குக்கு சிரிக்கறது நீ ஒருத்திதான். நீ இல்லாம எனக்கு நல்லா இருக்காது."

எனக்கே என் காது சுட்டது. அவள் அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால், "சரி அத்தை, நாங்க பேசிட்டுச் சொல்றோம்" என்றாள். என்ன ஒரு மரியாதை! அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேலை. அன்றைக்கு ஓர் அறையையும் நான் ஒழுங்காக முகரவில்லை. "மூக்குக்கு உடம்பு சரியில்ல போல" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கதவைத் திறந்தால் கூடத்தில் இரண்டு பெட்டியும் ஒரு கூண்டும் நிற்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கூடத்தில் பெட்டி இல்லை. மேசையில் ஒரு கப் இருந்தது. பாதி டீ ஆறிப்போய், அடியில் பழுப்பு வளையம் மேசைவிரிப்பில் பதிந்து! பக்கத்தில் சீப்பு, அதில் ஒரு சுருள் முடி. குளியலறையில் எட்டிப் பார்த்தேன். தரை முழுக்க ஈரம், அலமாரியில் மூடி திறந்த டப்பாவும், பல்லிளித்துக்கொண்டு நிற்கும் பிரஷும். படுக்கையறைக்குள் போனேன். காலையில் ஒரு மடிப்பு இல்லாமல் நான் விரித்துவிட்டுப் போன கட்டில். அதன் மேல், என் பக்கத்தில், சொதசொதவென்று ஒரு ஈரத் துண்டு.

சம்பந்தி வேலையோ என்று முதலில் நினைத்தேன். முயலுக்கு ஏது துண்டு?

"யாருடி இது, மெத்தை மேல ஈரத் துண்டைப் போட்டது!" கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் வாயில் வந்த 'டி' காதில் விழுந்தது. அவளை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

சமையலறையிலிருந்து அதைவிடப் பெரிய சத்தம் வந்தது. "நான்தான் அத்தை! கையில வேலையா இருக்கேன், கொஞ்சம் எடுத்துக் கொடியில போட்டுடுங்களேன்! ஒரு துண்டுக்கா இந்தக் கத்து!"

"ஒரு துண்டா? ஊறிப்போச்சுடி மெத்தை! மேசையைப் பாத்தியா? அந்தக் கறையை என்ன, உங்க பல் டாக்டர் வந்தா சுரண்டுவாரு?"

"சுரண்டுவாரு! பல்லு மாதிரி பளிச்சுனு ஆக்கிக் குடுப்பாரு!"

மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக் கதவருகே நின்றிருந்தான். "இல்லங்க, வீடு வேண்டாங்க... ஆமா, இங்கயே இருந்துக்கறோம்... அது ஒண்ணுமில்லங்க, வீட்ல பேசிக்கிட்டிருக்காங்க" என்று யாரிடமோ சொன்னான். அவன் காலடியில் சம்பந்தி தன் ட்ரேயில் உட்கார்ந்து புல்லை மென்றுகொண்டிருந்தார்.

"ம்" என்றார் என் வீட்டுக்காரர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

துண்டைப் பிழிந்து கொடியில் போட்டேன். மெத்தையைத் திருப்பிப் போட்டேன். அவள் காதில் விழும்படி இன்னும் கொஞ்சம் திட்டினேன், அவளும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாள். அந்தக் கப்பை மட்டும் மறுநாள் காலை வரை நான் கழுவவில்லை.